ஒன்பது வகைச் சரிவு

முகாம்,
பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் வீட்டில் அவளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பாப்பாவுக்கு இருமல் நின்றதா? எனக்கு ஒரு குறையும் இல்லை, காலையில் விரல்கள்தான் மடங்க மறுக்கின்றன. வெளியே வைத்த வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் படிந்து கிடக்கிறது. கோடை வந்தால் இதே இடம் வியர்த்து ஊற்றுமாம். சூட்டுக்கும் குளிருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காடு இது. அதனால் இரண்டு பக்கத்து மரங்களும் இங்கே வந்து குடியேறியிருக்கின்றன. சண்டை இல்லாமல் இருக்கின்றன என்றுதான் தோன்றுகிறது. போகப் போகத் தெரியும்.

அங்கே போய் அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். எண்ணுகிறேன். இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் ஒரு கட்டம், கயிறு கட்டிப் பிரிப்போம். உள்ளே இருக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் தகர எண் அடித்து, நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுத்து, என்ன வகை என்று எழுதுவோம். அப்புறம் புதர், செடி, கடைசியில் தரையோடு படுத்திருக்கிற பாசி வரைக்கும். ஒரு கட்டத்துக்கு நான்கு நாள். மொத்தம் நாற்பது கட்டம்.

நாங்கள் ஐந்து பேர். என்னைத் தவிர, அளவு நாடா பிடிக்கிற இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், எதற்கெடுத்தாலும் சிரிப்பு. ஜீப்பையும் அடுப்பையும் ஓட்டுநர் பார்த்துக்கொள்கிறார். ஐந்தாவது ஆள் மரம் ஏறுகிறவர். இலை முப்பது மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே நின்று என்ன மரம் என்று எப்படிச் சொல்வது? ஏறிப் போய்க் கொப்பு ஒடித்துப் போட ஆள் வேண்டும். எல்லாரும் அவரை 'உச்சி' என்றே கூப்பிடுகிறார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மரத்துக்கு மேலே இருக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வரும், கீழே இறங்கினால் வாயில் பூட்டு.

இங்கே போன் எடுக்காது. ஜீப் வாரம் ஒரு முறை தபாலுக்கும் சாமானுக்கும் கீழே போகும். உன் வேலை விஷயம் என்ன ஆயிற்று? இரண்டு வருஷம் வீட்டில் இருந்தது போதும் என்று நான் எழுதினால் உனக்குச் சுருக்கென்று வரும். ஆகவே எழுதவில்லை.

எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.
அக்கா


வீடு,
பிப்ரவரி 26

அக்காவுக்கு,

இங்கே மூவரும் நலம். பாப்பாவின் இருமல் அவளை விட்டு என்னைப் பிடித்துக்கொண்டது, அதுவும் போய்விட்டது. உன் விரல்களுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக்கொள், குளிரிடம் வீம்பு பிடிக்காதே.

நீ எழுதாமல் விட்டதை நானே எழுதுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. ஒரு கட்டுமான நிறுவனத்தின் வரைபடப் பிரிவு. மூன்றாவது மாடியில் நீளமான அறை, பதினொரு கணினி, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னல் ஓரத்து இடம் பத்து வருஷம் ஆனவருக்குத்தான். எனக்குக் கிடைத்தது அச்சு எந்திரத்துக்குப் பக்கத்து இடம். கதவு அகலத்துக்குத் தாள் துப்புகிற எந்திரம் அது. அது ஓடும்போது எனக்கு யார் பேசினாலும் காதில் விழாது, எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறேன். அதனாலேயே என்னைப் பணிவான ஆள் என்று பொறியாளர் நினைத்துவிட்டார்.

சாலைகள், வாய்க்கால்கள், தடுப்புச் சுவர்கள் என்று வரைகிறோம். ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாம். முதல் நாள் நான் கிளம்பியபோது வீட்டில் அவள் வாசல் வரை வந்து சட்டைக் காலரைச் சரி செய்தாள். இரண்டு வருஷமாக அந்தக் காலரை யாரும் தொடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

உச்சியைப் பற்றி நீ ஆறு வரி எழுதியிருக்கிறாய். மற்ற மூவருக்கும் சேர்த்து இரண்டு வரிதான். சும்மா எண்ணிப் பார்த்தேன். எண்ணுவது உனக்கு மட்டும்தான் வருமா?

உன் தம்பி


முகாம்,
மார்ச் 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ஜீப்பிலேயே நின்றுகொண்டு படித்தேன். காலர் விஷயத்தைப் படித்ததும் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். இருமலுக்குப் பிறகு உடம்பு எப்படி இருக்கிறது? அந்த அச்சு எந்திரத்தின் பக்கத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொள்.

வரி எண்ணுகிற புத்திசாலித்தனத்தை ஆபீஸில் காட்டு. நாற்பத்திரண்டு வயதில் உன் கிண்டலுக்கு நான் ஆள் இல்லை.

இங்கே ஓர் ஓடை இருக்கிறது. குதிரை லாடம் மாதிரி வளைந்து, மறுபடியும் தன்னைத் தானே தொட வருவது போல் வந்து, விலகிப் போகிறது. அந்த வளைவுக்குள் இருக்கிற பள்ளத்தில்தான் இப்போது வேலை. ஒரே கட்டத்தில் அறுபத்தொரு மர வகை, தம்பி. என் இத்தனை வருஷத்தில் இப்படிப் பார்த்ததில்லை. காட்டு இலவங்கம், நாலு விதமான ஓக், ஆள் உயர மரப்பெரணி, இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசின மாதிரி ஒரு மரம். கிளைகளில் பாசி கம்பளம் மாதிரித் தொங்குகிறது. நடந்தால் சத்தமே கேட்பதில்லை.

உச்சி ஒரு மரத்திலிருந்து இறங்கி வந்து ஒரு கொப்பைக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தால் அதில் மூன்று விதமான இலை. ஒன்று மரத்துடையது, ஒன்று அதைச் சுற்றிய கொடியுடையது, மூன்றாவது கொடியின் மேல் ஒட்டி வளர்ந்ததுடையது. இதில் எதற்கு எண் அடிக்கப் போறீங்க என்று கேட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒரு சங்கதி. போன வாரம் நாலு பேர் தொப்பியும் மூன்று கால் கருவியுமாக வந்து ஓடையை அளந்துவிட்டுப் போனார்கள். சாலை வருகிறதாம். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுரங்கத்துக்குக் குறுக்கு வழி. எங்கள் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன், தெரியவில்லை என்று பதில் வந்தது. பள்ளத்தின் வழியாகப் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேதான் கட்டம் கட்டமாக அளக்கிறேன்.

பாப்பாவுக்கு ஒரு வெள்ளி இலை வைத்திருக்கிறேன். கசங்காமல் வந்து சேர வேண்டும்.

அக்கா


வீடு,
மார்ச் 28

அக்காவுக்கு,

நலமாயிரு. நாங்கள் நலம். இலை ஒரு மூலை மட்டும் மடங்கி வந்து சேர்ந்தது, பாப்பா அதைப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள்.

அவளுக்காக ஒரு கேள்வி. பள்ளியில் காட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்களாம். உன் காட்டில் எல்லா இடமும் ஒரே மாதிரியா, அல்லது வகை குறைவான பகுதி என்று ஏதாவது உண்டா? அதாவது, ஒரு பேச்சுக்கு, ஏதாவது ஒரு பக்கம் போயே ஆக வேண்டும் என்றால், எந்தப் பக்கம் போனால் நஷ்டம் குறைவு? கொஞ்சம் விவரமாக எழுது. எண்ணோடு எழுதினால் அவளுக்கு மனதில் நிற்கும். சீக்கிரம் எழுது.

வேலை அதிகம், கண் எரிகிறது. மற்றபடி சொல்ல ஒன்றுமில்லை.

உன் தம்பி


முகாம்,
ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

கண்ணைக் கவனி. மணிக்கு ஒரு தரம் எழுந்து அந்த ஒரே ஜன்னலை எட்டிப் பார், பத்து வருஷக்காரர் அடிக்க மாட்டார். எனக்கு இங்கே அட்டைக்கடி மட்டும்தான்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு ஆழமான கேள்வியா? ஆனாலும் நம் வீட்டில் ஒரு பிள்ளையாவது செடி கொடி பக்கம் வருகிறதே என்று சந்தோஷமாக எழுதுகிறேன்.

பள்ளத்துக்கு மேலே, கிழக்கே, ஒரு செங்குத்தான சரிவு இருக்கிறது. மேல் மண் ஒரு சாண்தான், கீழே பாறை. ஊசியிலை மரங்கள், இடையிடையே குட்டை ஓக். ஒரு கட்டத்துக்கு ஒன்பது வகை, அதற்கு மேல் கிடையாது. மூன்று கட்டம் போட்டோம், மூன்றிலும் அதே ஒன்பது. வருகைப் பதிவேடு எடுக்கிற மாதிரி இருக்கிறது. பள்ளத்தில் அறுபத்தொன்று, சரிவில் ஒன்பது, இதை எழுதிக்கொள்ளச் சொல் அவளை. போயே ஆக வேண்டுமென்றால் அது போகட்டும். அழ ஆள் இருக்காது.

இதை நான் சத்தமாகச் சொன்னபோது உச்சி மேலே ஏறிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே கேட்டார்: "தலை எண்ணிக்கை கம்மின்னா, செய்யற வேலையும் கம்மிதானுங்களா?"

நாடா பிடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இந்த எண்களை இன்னும் அறிக்கையில் ஏற்றவில்லை. பள்ளியில் சொல்லலாம், வேறெங்கும் வேண்டாம்.

அக்கா


முகாம்,
ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

ஏழு வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லையா? அப்படி இருந்தால் மறைக்காமல் எழுது. பாப்பா எப்படிப் பேசினாள் என்று கூடச் சொல்லவில்லை.

நல்ல செய்தி ஒன்று. நல்லது என்று இப்போதைக்குச் சொல்லிக்கொள்கிறேன். சாலைக்கான முளைகள் அடித்துவிட்டார்கள், சிவப்புத் துணி கட்டி. பள்ளத்தில் அல்ல, கிழக்குச் சரிவில். முதலில் போட்ட கோடு ஓடையோடுதான் இருந்ததாம், கடைசியில் யாரோ மாற்றினார்களாம். அந்தத் தொப்பிக்காரர்களில் ஒருவர் சொன்னார். கோடு போட்டவன் யாரோ, அவன் கை நன்றாக இருக்கட்டும். எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு காட்டின் மேல் இரக்கப்பட ஒருவனுக்குத் தோன்றியிருக்கிறதே.

உச்சி மட்டும் அந்த முளைகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கையில் எடுத்து உதிர்த்துக்கொண்டே இருந்தார். என்ன என்றேன். ஒன்றுமில்லை என்றார்.

இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டில் அந்தப் பின் அறை காலியாகத்தானே இருக்கிறது? அக்டோபரில் வேலை முடிந்து வரும்போது சில நாள் தங்க வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கு இடம் போதுமா என்று வீட்டில் அவளிடம் கேட்டு எழுது. நீயாக எதையும் கற்பனை செய்துகொண்டு நாலு பேரிடம் சொல்லாதே.

அக்கா


வீடு,
ஜூன் 20

அக்காவுக்கு,

எல்லாரும் நலம். யாருக்கும் ஒன்றுமில்லை. எழுதாததற்கு வேலைதான் காரணம், மன்னித்துவிடு. பாப்பா நன்றாகப் பேசினாள்.

பின் அறை விஷயத்தைச் சொன்னதும் வீட்டில் அவள் அன்றைக்கே சாமான்களை வெளியே எடுத்துப் போட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்க ஆரம்பித்துவிட்டாள். "அண்ணி வர்றப்ப எல்லாமே புதுசா இருக்கணும்" என்கிறாள். இரண்டு பேருக்குத் தாராளமாக இடம் இருக்கும். மூன்றாவது ஆளாக இலை காய வைக்கிற உன் செய்தித்தாள் கட்டுகளையும் கொண்டு வந்தால்தான் இடிக்கும். நாங்கள் ஒன்றும் கற்பனை செய்யவில்லை. அவருக்கு மாடிப்படி ஏறப் பிடிக்குமா, அல்லது ஜன்னல் வழியாகவே வருவாரா என்று மட்டும் பாப்பா கேட்கிறாள்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. சொன்ன ஆறு மாதத்துக்கு முன்பே.

கோடு போட்டவனைப் பற்றி எழுதியிருந்தாய். இரண்டு தரம் படித்தேன்.

உன் தம்பி


முகாம்,
ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

வேலை நிரந்தரமானதற்கு உச்சி உட்பட இங்கே எல்லாரும் டீ குடித்துக் கொண்டாடினோம். வீட்டில் அவளிடம் சொல், வெள்ளை அடிக்கும்போது தூசி மூச்சில் போகாமல் மூக்கைக் கட்டிக்கொள்ளட்டும்.

இனிமேல் எழுதுவது வேலை விஷயம். பொறுமையாகப் படி.

சரிவில் இருந்த மரங்களை மூன்று வாரத்தில் வெட்டி முடித்துவிட்டார்கள். முப்பது மீட்டர் அகலத்துக்கு மொட்டை. அதன் பிறகு பள்ளத்தில் ஏதோ சரியில்லை. முன்பெல்லாம் மத்தியானம் வரை ஈரம் நிற்கும், இப்போது காலை எட்டு மணிக்கே வெயில் நேராக இறங்குகிறது, காற்று உள்ளே புகுந்து அடிக்கிறது. பாசி பழுப்பாகிவிட்டது. மரப்பெரணி கைகளைத் தொங்கப் போட்டு நிற்கிறது.

மழை காரணமாக ஒரு வாரம் கூடாரத்தில் உட்கார்ந்து, அதுவரை எடுத்த முப்பத்தொரு கட்டங்களையும் வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். எத்தனை வகை என்று அல்லாமல், எது எதோடு நிற்கிறது என்று. எழுத எழுத ஒன்று தெரிந்தது. பள்ளத்து மரங்களின் இளங்கன்றுகள் இருக்கிற கட்டம் ஒவ்வொன்றுக்கும் மேலே ஊசியிலைச் சரிவு இருக்கிறது. மேலே சரிவு மொட்டையாக இருக்கிற இடத்தில் கீழே ஒரு கன்று கூட இல்லை, கிழ மரங்கள் மட்டும். பனியையும் காற்றையும் தடுத்து நிறுத்தியது அந்த ஒன்பதும்தான். அந்த ஒரு சாண் மண்ணைப் பாறையோடு பிடித்து வைத்திருந்ததும் அவற்றின் வேர்தான். இது எனக்கு ஏப்ரலிலேயே தெரிந்திருக்க வேண்டும். நான் தலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மண் கீழே வருகிறது. கூடை கூடையாகத்தான், ஆனாலும் தினமும். நிறுவனத்துக்கும் எங்கள் அலுவலகத்துக்கும் எழுதிவிட்டேன். நீ இதே தொழிலில் இருக்கிறாய். மழைக்கு முன்னால் சரிவுக்குத் தடுப்புச் சுவர் கட்டுவார்களா, இல்லையா? யாரிடமாவது விசாரித்து உடனே எழுது. சுவர் வருகிறது என்றால் பள்ளத்தில் மிச்சமிருக்கிற கட்டங்களை நிதானமாக முடிப்பேன். இல்லையென்றால் ஆட்களை மேற்குப் பக்கம் மாற்றிவிடுவேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். தாமதிக்காதே.

அக்கா


முகாம்,
செப்டம்பர் 3

தம்பிக்கு,

எல்லாரும் நலமா.

ஆகஸ்ட் 21 காலை பதினோரு மணிக்குக் கிழக்குச் சரிவு இறங்கிவிட்டது. பள்ளத்தில் ஆறு கட்டங்கள் போய்விட்டன. ஓடை அடைபட்டு வேறு வழியாக ஓடுகிறது. ஜீப் பாதையும் உடைந்திருக்கிறது. இந்தக் கடிதத்தை நடந்து போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

அதுவரை எடுத்த பதிவேடுகள் பத்திரமாக இருக்கின்றன. காய வைத்த இலைகளில் பாதி நனைந்துவிட்டன.

பின் அறையை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிடுங்கள். சும்மா பூட்டி வைக்க வேண்டாம்.

அக்கா


வீடு,
செப்டம்பர் 17

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

உன் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீட்டில் அவள் அதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, அவரு பேரே இல்லையே?" வெள்ளை அடித்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் எப்படி இருக்கிறார், அக்கா?

நான் சொல்லாமல் விட்டது இது. கோடு போட்டவன் நான்தான்.

மார்ச்சில் நீ அந்த ஓடையை லாடம் என்று எழுதியிருந்தாயே, அதே லாடம் அன்று என் திரையில் இருந்தது. சாலை அதன் வழியாகத்தான் போயிற்று. உன்னிடம் சொன்னால் நீ சும்மா இருக்க மாட்டாய், எழுதுவாய், சண்டை போடுவாய், என் பெயர் வெளியே வரும் என்று பயந்தேன். இரண்டு வருஷம் சும்மா இருந்தவனின் பயம் அது. ஆனால் பள்ளத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்றும் இருந்தது. அதனால்தான் பாப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். பள்ளியில் அப்படி யாரும் பேசச் சொல்லவில்லை. நீ எழுதிய எண்களை அப்படியே பொறியாளரிடம் காட்டி, கோட்டைக் கிழக்கே தள்ளினேன். வகை குறைவு என்றால் அனுமதியும் எளிது என்று அவருக்கும் பிடித்துப் போயிற்று. வேலை சீக்கிரம் நிரந்தரமானது அதனால்தான். ஒரு நாள் உன்னை உட்கார வைத்து இதையெல்லாம் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

உன் ஜூலைக் கடிதம் 26ஆம் தேதி கிடைத்தது. மறுநாள் பொறியாளரிடம் போனேன். அச்சு எந்திரம் ஓடாத நேரம் பார்த்துத்தான் போனேன். அவர் சொன்னது எல்லாம் காதில் விழுந்தது.

"சுவர் மழை முடிஞ்சப்புறம்தான்பா. இப்ப போய் அந்த மரம்தான் மண்ணப் புடிச்சிருந்துச்சுன்னு சொன்னா, நம்ம வரைபடம் தப்புன்னு நாமளே எழுதிக் குடுக்கற மாதிரி ஆயிடும். போய் வேலையப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். சுவர் வராது என்று ஜூலை 27ஆம் தேதியே எனக்குத் தெரியும், அக்கா. உனக்கு எழுத உட்கார்ந்தேன். சுவர் இல்லை என்று எழுதினால் எப்படித் தெரியும் என்று கேட்பாய். அதற்குப் பதில் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். அப்படியே இருபத்தைந்து நாள்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி


முகாம்,
அக்டோபர் 30

தம்பிக்கு,

உடம்பு இருக்கிறது. உங்கள் எல்லாருக்கும் இருக்கட்டும்.

உன் கடிதம் என் கைக்கு வந்தது அக்டோபர் 14ஆம் தேதிதான். பாதை உடைந்ததால் தபால் கீழேயே கிடந்தது. விசாரணைக்காக இறங்கிப் போனவள் அது முடிந்த பிறகு தபால் நிலையத்தில் வாங்கினேன். ஆகவே அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அவர் இறந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் எடுத்தோம். இதைத் தாளில் எழுதுவது இதுவே முதல் தடவை.

பதில் வரும் வரும் என்று ஜூலையும் ஆகஸ்டில் பாதியும் காத்திருந்தேன். வராததால், ஆபத்து இருந்தால் எழுதியிருப்பாய் என்று எடுத்துக்கொண்டேன். பள்ளத்தில் இருபத்தேழாவது கட்டத்தில் ஒரு மரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம். காட்டு இலவங்கம் என்று எழுதியிருந்தோம், இலை நரம்பு வேறு மாதிரி இருந்தது. தனி வகையாக இருந்தால் அறுபத்திரண்டு ஆகும். இன்னொரு கொப்பு வேண்டும் என்றேன். அன்று காலை மழை விட்டிருந்தது. "போயிட்டு வந்துடறேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் மேலே இருக்கும்போது மலை வந்தது.

பை அவர் தோளிலேயே இருந்தது. அதிலிருந்த கொப்பைக் கழுவிக் காய வைத்துப் பார்த்தேன். காட்டு இலவங்கம்தான். ஏற்கெனவே எண்ணியதுதான்.

விசாரணை ஒரு பள்ளிக்கூட அறையில் நடந்தது. சின்ன பெஞ்சுகள், எல்லாரும் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருடைய தங்கை வந்திருந்தாள். அவரைப் போலவே அதிகம் பேசாதவள். உங்கள் பொறியாளர் வரைபடத்தை மேஜையில் விரித்தார். மூலையில் ஒரு கட்டத்துக்குள் எழுதியிருந்தது: ஓடைப் பாதை, மர வகை 61. கிழக்குச் சரிவு, மர வகை 9. அந்த இரண்டு எண்ணையும் அதற்கு முன் நான் ஒருவருக்குத்தான் எழுதியிருந்தேன்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று விசாரணை அதிகாரி கேட்டார். வரைபடப் பிரிவில் யாரோ எங்கோ எடுத்தது என்றார் பொறியாளர். அதிகாரி என்னிடம் திரும்பி, இது உங்கள் கணக்கெடுப்பா, நீங்கள் யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன் வேலை நிலைத்திருக்கும், என் பெயரும் நிலைத்திருக்கும். அந்தத் தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் குடுத்தேன். என் தம்பிக்கு. அந்தச் சரிவு போனா பரவாயில்லன்னு எழுதினதும் நான்தான்," என்றேன்.

அதற்குப் பிறகு உன் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். இந்நேரம் உன்னைக் கூப்பிட்டிருப்பார்கள். அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள், நவம்பர் முடிவோடு என்னை அனுப்புகிறார்கள். வெளியே வந்ததும் அவருடைய தங்கையிடம் போய் நின்றேன். அவள்தான் கேட்டாள்: "அக்டோபர்ல ஒருத்தங்களோட ஊருக்குப் போறேன்னு அண்ணன் எழுதியிருந்துச்சு. அது நீங்களா?" ஆமாம் என்றேன். பேருந்து வரும் வரை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஏறும்போது அவள் என் பக்கம் திரும்பவில்லை.

பேருந்து நிலையத்தில்தான் உன் கடிதத்தைப் பிரித்தேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். இருக்கிறது. ஜூலையில் நீ இரண்டு வரி எழுதியிருந்தால் நான் அவரை மேற்கே அனுப்பியிருப்பேன். எந்தப் பொய் சொல்லியாவது அந்த இரண்டு வரியை எழுதியிருக்கலாம், பாப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்கத் தெரிந்த உனக்கு. ஆனால் ஏப்ரலில் உனக்கு எழுதியதை நினைத்துப் பார்க்கும்போது, அழ ஆள் இருக்காது என்பது என் கையெழுத்து. அவர் மேலேயிருந்து கேட்டபோது சிரித்ததும் நான். ஆகவே உன்னை மட்டும் நிறுத்தி வைத்துத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. எவ்வளவு உன்னுடையது, எவ்வளவு என்னுடையது என்று பிரித்துப் பார்த்தேன். முடியவில்லை.

மிச்ச நாளில் பள்ளத்தில் தப்பிய பகுதியை மறுபடியும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. முப்பத்தெட்டு வகை இருக்கிறது இப்போது. இளங்கன்று ஒன்றும் இல்லை. நிற்கிற மரங்கள் நிற்கும் வரை நிற்கும்.

நீ இதற்குப் பதில் எழுதாதே. இனி நம் இருவருக்குள் எதையும் தாளில் கேட்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம். புறப்பட்டு வா. பாதி தூரம்தான் வண்டி வரும், அப்புறம் நடக்க வேண்டும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள். நீ போட்ட கோட்டை உன் கண்ணால் ஒரு தரம் பார். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

அக்கா